படத்தில் இல்லாத கிணறு

என் மச்சாள், அதாவது என் மனுசனுடைய அக்கா, கனடாவிலிருந்து எனக்கு ஒரு வீட்டை அனுப்பிவைத்தாள். வாட்ஸ்அப்பில்தான். மன்னார்த் தீவில், கீரியில், எங்கள் வளவை ஒட்டிக் கிடக்கும் காணி அவளுடையது. அதில் வீடு கட்டப்போகிறாளாம், மகன் கணினியில் படம் கீறியிருக்கிறானாம், நான் பார்த்துவிட்டு வடிவாக இருக்கிறதா என்று சொல்லட்டாம். நான் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இப்போது நினைத்தாலும் பத்திக்கொண்டுதான் வருகிறது. ஆகவே இதை நான் ஆறுதலாகச் சொல்வேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

வெள்ளை வீடு. முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. சுற்றிவர ஆளுயர மதில். வளவு முழுக்கப் புல், அந்தப் புல்லில் ஒரு வெள்ளைக்காரப் பெண் நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அவளை எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அதே மென்பொருளில்தான் வேலை செய்கிறேன். அவளும் நாயும் அதோடு சும்மா வருகிறவர்கள். கீரி மணலில் புல் முளைத்தால் முதலில் வருவது நாய் அல்ல, கழுதை. ஊர்க் கழுதைகள் எல்லாம் வந்து மேய்ந்து முடித்துவிட்டு, கண்ணாடியில் முகத்தையும் பார்த்துவிட்டுப் போகும். சரி, அது அவளுடைய புல், அவளுடைய கண்ணாடி. என்னைப் பத்தவைத்தது அது இல்லை.

அவள் காணியின் தெற்கு மூலையில், இரண்டு வளவும் சேருகிற இடத்தில், ஒரு கிணறு இருக்கிறது. படத்தில் அந்த இடத்தில் புல் இருந்தது. கிணற்றுக்கு நாங்கள் போகும் பாதையின் குறுக்கே மதில் ஓடியது. மதிலுக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு நிற்க வேண்டும். அங்கேயும் புல்தான். எங்கள் வீட்டையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

கீரியில் கிணறு வெட்டுகிற எல்லாருக்கும் நல்ல தண்ணீர் வருவதில்லை. கொஞ்சம் தள்ளி வெட்டினால் உப்பு. எங்கள் குசினிக்குப் பின்னாலும் ஒரு கிணறு இருக்கிறது. அந்தத் தண்ணீரில் கால் கழுவலாம், பாத்திரம் கழுவலாம், பருப்பு அவியாது. குழாய்த் தண்ணீர் எங்கள் ஒழுங்கைக்கு, இந்தச் சின்னத் தெருவுக்கு, இன்னும் வந்து சேரவில்லை. குடிக்க, சமைக்க, தலை முழுக எல்லாவற்றுக்கும் அந்த மூலைக் கிணறுதான். மாமனார் காணியை மகனுக்கும் மகளுக்கும் பிரித்து எழுதியபோது கிணற்றை மட்டும் பிரிக்கவில்லை. ஆளுக்குப் பாதி, போக வர வழி இருவருக்கும். எங்கள் பக்கத்தில் அதுதான் வழமை, அது ஊருக்கும் தெரியும். யுத்தத்துக்குப் பயந்து ஓடி, எங்கெங்கோ இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது வீட்டில் கூரை இல்லை, கதவு இல்லை, நிலைகூட இல்லை. கிணறு கிடந்தது. நானும் என் மனுசனும் அதை இறைத்துக் குப்பை அள்ளித் துப்பரவாக்கினோம். மச்சாள் அப்போது கனடாவில் குளிருக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே தொலைபேசியில் கேட்டேன்.

“மச்சாள், கிணறு எங்கால? படத்தில காணேல்ல.”

“அதெல்லாம் பெடியன்ர வேலை. எனக்கு உந்தக் கொம்பியூட்டர் ஒண்டும் விளங்காது. அவன் சட்டலைட்டில பாத்து அளந்துதான் போட்டவன்.”

“அப்ப அவன்ர நம்பரத் தாங்கோ, நான் கதைக்கிறன்.”

“அவன் வேலையும் தானுமா ஓடித்திரியிறான். என்னட்டச் சொல்லும், நான் சொல்லுறன்.”

சொல்லுகிறேன் என்றாள். பிறகு இன்னொரு படம் வந்தது. வெள்ளைக்காரியின் நாய் மாறியிருந்தது. கிணறு வரவில்லை.

என் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மன்னார்ப் பட்டினத்தில், போட்டோக்கொப்பிக் கடையோடு ஒட்டிய ஓர் அறையில் இருந்து நான் வீட்டுப்படம் கீறிக் கொடுக்கிறேன். தலைமன்னாரிலிருந்தும் வருவார்கள், பாலம் தாண்டி வங்காலையிலிருந்தும் வருவார்கள். வருகிறவர்கள் கையில் காணியின் அளவு இருக்காது, கைத்தொலைபேசியில் ஏதோ ஓர் ஊரின் வீடு இருக்கும். “இதே மாதிரி” என்பார்கள். மழை அடிக்கிற ஊர்க் கூரையை மணல் அடிக்கிற ஊரில் வைக்கச் சொல்வார்கள். வளவில் நிற்கிற பனையைப் படத்தில் போடட்டுமா என்று கேட்டால் முகம் சுருங்கும். அது வேண்டாம், வேறு ஏதாவது நல்ல மரம் போடுங்கோ என்பார்கள். என் மென்பொருளில் பனை இல்லை என்பது அவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஆகவே கணினியைக் கண்டு நான் மலைக்கிறவள் இல்லை. அதில் ஒரு மரத்தை எடுப்பதும் ஒரு வீட்டை எடுப்பதும் ஒரே அமுக்குத்தான். ஆனால் அந்த அமுக்கைக் கணினி தானாகச் செய்யாது. ஓர் ஆள் வேண்டும்.

இதைத்தான் என் மனுசனுக்கு விளங்கப்படுத்தப் பார்த்தேன். அவர் படகு எஞ்சின் திருத்துகிறவர். எந்நேரமும் எஞ்சின் இரைச்சலுக்குள் இருந்து காது மந்தமாகிவிட்டது. யார் தொலைபேசி எடுத்தாலும் ஒலிபெருக்கியில் போட்டுத்தான் கதைப்பார், எங்கள் வீட்டுச் சங்கதி ஒழுங்கை முழுக்கத் தெரியும். நல்ல மனுசன். அந்த நல்ல குணத்தால்தான் நான் பாதி நாள் பட்டினி கிடந்த ஆள் மாதிரி எரிச்சலோடு திரிகிறேன்.

“அக்காக்குத் தெரிஞ்சிருக்காது,” என்றார்.

“அவா அந்தக் கிணத்தில குளிச்சு வளந்தவா. தெரியாதோ?”

“பெடியனுக்குத் தெரியாது எண்டு சொல்லுறன். மேல இருந்து பாத்தால் கிணறு தெரியாதெல்லே. மறைப்பு இருக்கு, வேப்பமரம் வேற.”

அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. பெண்கள் குளிக்கிற இடம் என்பதால் கிணற்றடியைச் சுற்றிப் பனையோலை மறைப்புக் கட்டியிருந்தோம். வருசா வருசம் நான்தான் ஓலை மாற்றுவேன். வேப்பமரமும் அதன்மேல் கவிந்து நிற்கும். வானத்திலிருந்து பார்த்தால் ஒரு குப்பைக் குவியல் மாதிரித்தான் தெரிந்திருக்கும்.

“சரி, பெடியனுக்குத் தெரியாது. அக்கா தெரிஞ்சுதான் செய்தவா எண்டால்?”

“அக்கா அப்பிடிச் செய்யமாட்டா.”

“செய்தவா எண்டால் என்ன செய்வியள் எண்டு கேக்கிறன்.”

“அப்ப பாப்பம்.”

இந்த ‘அப்ப பாப்பம்’ என்ற சொல்லைக் கட்டித்தான் நான் குடும்பம் நடத்துகிறேன். வழக்கறிஞரிடம் போவோமா என்றேன். அக்காவைக் கோட்டுக்கு ஏற்றுவதா என்று கேட்டுவிட்டு எஞ்சின் கழற்றப் போய்விட்டார்.

அடுத்ததாக மச்சாள் மகனுடைய கணினிக் கோப்பை அனுப்பி, அதைப் பிரதேச சபையில் அனுமதி எடுக்கிற மாதிரி நான் கீறித் தரட்டும் என்றாள். வீட்டுக்குள்ளேயே கீறுகிறவள் இருக்க வெளியில் ஏன் போக வேண்டும் என்று வேறு ஒரு சொல். கிணறு இல்லாத படத்தை நான் கீறமாட்டேன் என்று எழுதி அனுப்பினேன். பட்டினத்தில் இன்னொருவர் இருக்கிறார், கடலை எடுத்து முற்றமாகப் போடச் சொன்னாலும் போடுவார். அவரிடம் கொடுத்துக் காரியத்தை முடித்துவிட்டாள். எனக்குத் தெரியவந்தபோது அனுமதியும் வந்துவிட்டது, வீடு கட்டுகிற மேசனும் பிடித்தாகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் நூல் கட்டுகிற நாள் என்று ஒன்று உண்டு. அத்திவாரம் வெட்டுவதற்கு முன்னர் மேசன் முளை அடித்து நூல் கட்டி, வீட்டை மணலிலே அப்படியே காட்டுவார். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட வேண்டும். தேத்தண்ணியும் வாய்ப்பன் பலகாரமும் கொடுப்பார்கள். வருகிறவர்கள் நூலுக்குள் நடந்து பார்ப்பார்கள், இது அறையா, இது குசினியா என்று கேட்பார்கள். வழி, வேலி, மழைத்தண்ணீர் ஓடுகிற பக்கம் என்று யாருக்கு என்ன குறை இருந்தாலும் அன்றைக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் முளை நகரும். அன்றைக்கு வாய் திறக்காதவர் பிறகு திறக்க முடியாது. திறந்தால், வாய்ப்பன் சாப்பிட்டுவிட்டுத்தானே போனனீ என்று கேட்பார்கள்.

எனக்கு இந்த நாளைக் கண்ணில் காட்டக் கூடாது. நான் முதுகு நோகக் கீறிய அறை, பக்கத்து வீட்டுக்காரியின் வாயால் ஒரு நிமிடத்தில் நகர்ந்துவிடும். கக்கூசு தன் குசினியைப் பார்க்கிறது என்பாள் ஒருத்தி. படிக்கட்டு தன் மாட்டை மிரட்டும் என்பார் ஒருவர். ஒருமுறை ஒரு விறாந்தையே காணாமல் போனது. எத்தனையோ தரம் அந்த நூல்களுக்கு நடுவில் நின்று என் படத்தைத் தூக்கிக் காட்டிச் சண்டை பிடித்திருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கு, இப்போது அந்த நாளை விட்டால் வேறு வழி இல்லை என்று ஆகிவிட்டது. அது வேறு எனக்குக் கோபம்.

மச்சாளுக்கு நூல் கட்டுகிற எண்ணமே இருக்கவில்லை. மகன் அளவெல்லாம் அனுப்பியிருக்கிறான், நேரே அத்திவாரத்தை வெட்டட்டும் என்று மேசனுக்குச் சொல்லியிருந்தாள். மேசன் யார் எதைச் சொன்னாலும் ஓம் என்கிற ஆள். நான் போய், நூல் கட்டாமல் வெட்டினால் ஒழுங்கைச் சனத்தையும் கூட்டிக்கொண்டு வந்து குழிக்குள் இருப்பேன் என்றேன். அதற்கும் ஓம் என்றார். அன்று பின்னேரமே அவளுக்கு அழைத்துச் சொல்லியிருக்கிறார். அவளும் மடு மாதா கோயில் திருவிழாவுக்கு எப்படியும் வர இருந்தாள், அதோடு சேர்த்து நூலைக் கட்டலாம் என்று விட்டாள். எனக்குப் பயந்து இல்லை. கணினி வீட்டை நாலு பேருக்குக் காட்டிப் பெருமையடிக்க ஒரு கூட்டம் வேண்டும் அல்லவா.

அவள் வருவதற்கு முதல் நாள் நான் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கிணற்றடி மறைப்பு இல்லை. ஓலையும் கம்பும் ஒரு மூலையில் குவித்துக் கிடந்தன. கிணறு தன் முழங்கால் உயரக் கட்டோடு வெட்டவெளியில் நின்றது. ஒழுங்கையில் போகிற வருகிற எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

“ஆரக் கேட்டுப் பிடுங்கினனீங்கள்?” என்று மேசனைக் கேட்டேன்.

“அக்கா சொன்னவா. இடத்தத் துப்பரவாக்கட்டாம்.”

“உங்கட வீட்டுப் பொம்பிளையள் ரோட்டில நிண்டு குளிப்பினமோ?”

நான் இன்னும் என்னென்னவோ சொன்னேன், எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது. அன்றைக்குக் குசினிக் கிணற்றுத் தண்ணீரில்தான் தலை முழுகினேன். உப்புத் தண்ணீரில் முழுகினால் மயிர் தென்னந்தும்பு மாதிரி விறைத்து நிற்கும். சீப்பு இறங்கவில்லை. சீப்பை எறிந்துவிட்டு அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். என் மனுசன் வந்து பார்த்தார், மறைப்பைப் பார்த்தார், அக்கா வரட்டும், ஆறுதலாகக் கதைப்பம் என்றார்.

மறுநாள் காலை சோளகக் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. மேசன் விடிந்ததும் வந்து முளை அடித்து நூல் கட்டியிருந்தார். எங்கள் குசினி வாசலிலிருந்து கிணற்றுக்குப் போகிற பாதையின் நடுவில் ஒரு முளை நின்றது. அதிலிருந்து நூல் விறைப்பாக ஓடியது. நான் அன்றைக்குத் தண்ணீர் அள்ளப் போகையில் அந்த நூலைத் தாண்டித்தான் போனேன், வாளியோடு வரும்போதும் தாண்டித்தான் வந்தேன்.

ஒழுங்கைச் சனம் வந்தது. வாய்ப்பன் வந்தது. நான் தொடவில்லை. என் மனுசன் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்றையும் எடுத்தார்.

மச்சாள் கறுப்புக் கண்ணாடியோடு வந்திறங்கினாள். காதுக்குள் வெள்ளையாக எதையோ செருகியிருந்தாள். அதில் கனடாவில் இருக்கிற மகன் கதைத்துக்கொண்டிருந்தான், எங்களுக்குக் கேட்கவில்லை. கையில் பெரிய டாப், தட்டுப்போல ஒரு கணினி. “உதப் பிடி தம்பி,” என்று கைப்பையைத் தம்பியிடம் நீட்டினாள். அவர் வாய்ப்பன் எண்ணெயை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டுப் பையை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

டாப்பை வெறுங்காணிக்கு நேரே பிடித்தால் அதற்குள் வீடு எழும்பி நிற்கிறது. டாப்பைத் திருப்பினால் வீட்டின் மற்றப் பக்கம் தெரிகிறது, நடந்தால் உள்ளே போகலாம். நல்ல வேலைதான், பொய் சொல்லக் கூடாது. மகனுக்குக் கை இருக்கிறது. சனம் வாயைப் பிளந்துகொண்டு அவளுக்குப் பின்னால் திரிந்தது. “இதுதான் ஹோல். இது மாதா சுரூபம் வைக்கிற இடம். இது மேல போற படி, பாத்து வாங்கோ,” என்று அவள் சொல்ல, ஒருவர் உண்மையாகவே காலைத் தூக்கி வைத்தார். யாரும் நூலைப் பார்க்கவில்லை. கீழே மணலில் கிடக்கிற அளவை விட்டுவிட்டு எல்லாரும் டாப்பின் கண்ணாடிக்குள் பார்த்தார்கள்.

நான் முளைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

“மச்சாள், எல்லாற்ற முன்னாலயும் கேக்கிறன். கிணறு என்ன மாதிரி?”

“பிறகு கதைப்பம்.”

“நூல் கட்டுற நாளில பிறகு இல்லை. இண்டைக்குத்தான் கதை.”

“நீர் சும்மா இரும். பெடியன் எல்லாம் அளந்து பாத்துத்தான் போட்டிருக்கிறான். கொம்பியூட்டர் பிழை விடுமே?”

“கொம்பியூட்டர் விடாது. ஆக்கள் விடுவினம்.”

சனத்தைப் பார்த்தேன். எங்கள் கிணற்றிலிருந்து கோடை முழுக்கக் குடம் குடமாகக் கொண்டுபோகிறவர்களும் அதில் நின்றார்கள். எல்லார் வாயிலும் வாய்ப்பன். என் மனுசன் பையை அணைத்துக்கொண்டு கிட்ட வந்து, “விடுமன். பெடியன் பிழையா விளங்கியிருப்பான். ஆறுதலாச் சொல்லுவம்,” என்றார். நான் அவரைப் பார்த்த பார்வையில் இரண்டு அடி பின்னுக்குப் போனார்.

அதற்குள் வெயில் ஏறிவிட்டது. வெள்ளை மணலில் பட்டுத் தெறிக்கிற வெயிலில் டாப்பில் ஒன்றும் தெரியவில்லை. மச்சாள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தோளில் கிடந்த சால்வையை எடுத்துத் தலையையும் டாப்பையும் சேர்த்து மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டு, மகனுக்கு ஏதோ சொல்லியபடி, வளவின் தெற்குப் பக்கமாக நடந்தாள். தோட்டத்தைப் பார்க்கப் போகிறாள் என்று விளங்கிவிட்டது. சால்வைக்குள் அவளுக்குப் புல் தெரிந்திருக்கும். வெள்ளைக்காரியும் நாயும் தெரிந்திருப்பார்கள்.

நான் கூப்பிட்டேன். அதை எல்லாரும் கேட்டார்கள், பிறகு நான் சும்மா நின்றேன் என்று ஒருவரும் சொல்லக் கூடாது.

“மச்சாள், முன்னால கிணறு.”

“தெரியும், தெரியும். நான் பாத்துக்கொண்டுதான் போறன்,” என்றாள் சால்வைக்குள்ளிருந்து.

முழங்கால் கிணற்றுக் கட்டில் இடித்தது. அவள் இரண்டு கையையும் விரித்துக் கட்டைப் பிடித்தாள், பிடித்தபடி அதன்மேலேயே பொத்தென்று இருந்துவிட்டாள். டாப் உள்ளே போனது. கொஞ்சம் பொறுத்துத் தண்ணீரில் விழுகிற சத்தம் வந்தது. நல்ல ஆழமான சத்தம்.

நான்தான் முதலில் ஓடினேன். முழங்காலில் தோல் உரிந்திருந்தது, வேறு ஒன்றும் இல்லை. அவள் சால்வையைத் தலையில் போட்டபடியே கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். சனமும் எட்டிப் பார்த்தது. என் மனுசனும் பையோடு ஓடி வந்தார். அந்த நேரம் பைக்குள் தொலைபேசி அடித்தது. இங்கே வந்து வாங்கிய இலங்கை நம்பரோடு அவள் ஒரு சின்னத் தொலைபேசியும் வைத்திருந்தாள். “எடாதை,” என்று அவள் சொன்னாள். அவருக்கு அது கேட்கவில்லை. எடுத்தார். எடுத்ததும் வழக்கம்போல ஒலிபெருக்கியை அமுக்கினார்.

“அம்மா, என்ன நடந்தது? எல்லாம் கட் ஆயிட்டுது,” என்றான் மகன். ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

“நான் மாமா கதைக்கிறன். அம்மா கிணத்துக் கட்டில இடிபட்டிட்டா. பெரிய காயமில்லை. டாப் கிணத்துக்க விழுந்திட்டுது.”

“எந்தக் கிணறு?”

“எங்கட கிணறுதான். உந்த மூலையில இருக்கிறது.”

“அது மண் மூடித் தூந்துபோச்செல்லோ, மாமா? தண்ணியில்லை, ஒருத்தரும் பாவிக்கிறேல்லை எண்டு அம்மா சொன்னவா. நான் முதல்ல போட்டிருந்தனான். கிணத்தச் சுத்தி இருக்கைகூட வச்சிருந்தனான். அம்மாதான் எடுக்கச் சொன்னவா.”

என் மனுசன் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் குனிந்து அதற்குக் கிட்டப் போனேன்.

“தம்பி, நான் மாமி. எங்கட வீட்டையும் அவாதான் எடுக்கச் சொன்னவாவோ?”

“மாமி, அது... பழைய வீடு பக்கத்தில நிண்டால் வடிவில்லை எண்டு சொன்னவா. கோவிக்காதேங்கோ. நீங்கள் எல்லாரும் ஓமெண்டு சொன்னதெண்டெல்லோ நான் நினைச்சனான்.”

“அவனுக்குத் தமிழ் சரியா விளங்காது,” என்றாள் மச்சாள் கிணற்றுக் கட்டில் இருந்தபடி. “நான் சொன்னது வேற.”

அவன் கதைத்தது எங்கள் ஊர்த் தமிழ், ஒரு சொல் பிழையில்லாமல். சனம் வாயில் இருந்ததை மெல்லுவதை நிறுத்திவிட்டிருந்தது.

என் மனுசன் மருமகனிடம், “சரி மகன், பிறகு கதைப்பம்,” என்று சொல்லித் தொலைபேசியை நிறுத்தினார். அதைப் பைக்குள் வைத்தார். பையின் வாயை இழுத்துப் பூட்டினார். பூட்டிய பையைக் கொண்டுபோய் அக்காவின் மடியில் வைத்தார். இனி வழமையான அந்தச் சொல்லைச் சொல்வார், அப்ப பாப்பம் என்பார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் திரும்பிப் பாதைக்கு நடந்து, நடுவில் நின்ற முளையை இரண்டு கையாலும் பிடித்தார். இறுகிப்போன எஞ்சின் ஆணியைக் கழற்றுகிற மாதிரி இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை அசைத்தார். பிடுங்கினார். நூல் தொய்ந்து மணலில் விழுந்தது. ஒருவரும் சொல்லாமலே மேசன் ஓடிப்போய் மற்ற முனையில் நூலை அவிழ்க்கத் தொடங்கினார்.

“தம்பி,” என்று மச்சாள் கூப்பிட்டாள். “தம்பி, இஞ்ச வா. நான் சொல்லுறதக் கேள்.”

அவர் வந்தார். முளையைக் கிணற்றுக் கட்டில் வைத்தார். வாளியை இறக்கினார், டாப் விழுந்த பக்கத்தை விட்டு மற்றப் பக்கமாகத் தண்ணீர் அள்ளினார். இறைத்து மேலே எடுத்து, கட்டில் நான் காலையில் வைத்துவிட்டுப் போன செம்பைக் கழுவி, அதில் நிறைய வார்த்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். செம்பைக் கொண்டுபோய் அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“குடியுங்கோ அக்கா. தூந்துபோன கிணத்துத் தண்ணிதான்.”

அவள் எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். குடித்து முடியும்வரை அவர் செம்பைத் திருப்பி வாங்கக் கையை நீட்டிக்கொண்டே நின்றார்.